வன்னியில் இருந்தபடி அபாயச் சரக்கு ஆவண வேலைக்குப் போவது எப்படி?

தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை இருந்தபோது அப்பா தன் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். ஆனால் வெறும் மண்ணெண்ணெயில் அது ஸ்டார்ட் ஆகாது. சின்னப் போத்தல் ஒன்றில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் கார்புரேட்டருக்குள் விட்டு உதைத்தால்தான் எஞ்சின் பிடிக்கும். சூடேறிவிட்டால் அப்புறம் மண்ணெண்ணெய் போதும். அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்த எல்லோருக்கும் இது தெரியும். ஏன் அப்படி என்பதுதான் நான் இன்று சம்பளம் வாங்கும் வேலையின் முதல் பாடம். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்குக் குறைந்தது 38 பாகையாவது வேண்டும். இந்த எண்ணுக்கு ஃபிளாஷ் பொயின்ற் என்று பெயர்.

கப்பலிலோ விமானத்திலோ லொறியிலோ போகும் ஒவ்வொரு அபாயப் பொருளுக்கும் யாரோ ஒருவர் இப்படியான எண்களைப் பார்த்து, அது எந்த வகுப்பு, எப்படிப் பொதி செய்வது, எந்த லேபல் ஒட்டுவது, தாளில் என்ன எழுதுவது என்று சரிபார்க்க வேண்டும். அமெரிக்கர்கள் இதை ஹாஸ்மட் என்பார்கள். மற்ற நாடுகளில் டேஞ்சரஸ் கூட்ஸ், சுருக்கமாக டி.ஜி. பெட்டியைத் தொட்டுப் பார்ப்பவர் களஞ்சியத்தில் நிற்க வேண்டும், அதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. தாளைப் படிப்பவரின் மேசை கிளிநொச்சியிலும் இருக்கலாம், மாங்குளத்திலும் இருக்கலாம்.

தாள்தானே என்று நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. ஒரு கொள்கலன் கசிவது நம் கடலுக்கு வருமுன்பே தெரிந்திருந்தது. 2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை அடுத்த மாதமே மன்னார்க் கரையில் ஒதுங்கியது. அந்தக் கப்பலின் 640 கொள்கலன்களில் 12 கொள்கலன் நிறையக் கல்சியம் காபைட். நம் வெல்டிங் கடைகளில் தண்ணீர் பட்டதும் பொங்கி அசற்றிலீன் வாயுவை விடும் அதே காபைட். யாரோ எங்கோ எழுதும் தாள் நம் மீனவரின் வலை வரைக்கும் வருகிறது. அதனால்தான் இந்த வேலையைக் கவனமாகச் செய்பவர்கள் நம் ஊரிலிருந்தும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதலில்: வீட்டிலும் கடையிலும் தொடங்குங்கள்

பயிற்சிநெறிக்குக் காசு கட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உலகம் முழுவதும் அபாயப் பொருட்களை ஒன்பது வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: வெடிபொருள், வாயு, தீப்பற்றும் திரவம், தீப்பற்றும் திண்மம், ஒட்சியேற்றி, நஞ்சும் தொற்றும், கதிர்வீச்சு, அரிப்பது, இதரவை. ஒவ்வொரு பொருளுக்கும் யூ.என். எண் என்று நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. பெற்றோல் 1203, மண்ணெண்ணெய் 1223, பெயின்ற் 1263, வாசனைத் திரவியம் 1266, பொடி ஸ்பிரே 1950, அமிலம் ஊற்றிய வாகனப் பற்றரி 2794. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை வைத்துச் செய்த குளோரினுக்கு 1017. ஆக, இந்தச் சரக்கு வன்னிக்குப் புதிதில்லை.

ஒரு கொப்பி எடுத்து, உங்கள் வீட்டிலும் பக்கத்து ஹார்ட்வெயர் கடையிலும் இருக்கும் இருபது பொருளை எழுதி, ஒவ்வொன்றின் எண்ணையும் வகுப்பையும் தேடி நிரப்புங்கள். சில பொருள் உங்களை யோசிக்க வைக்கும். சிரட்டைக்கரி சும்மா கரிதானே என்று தோன்றும். அது 1361, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய 4.2 வகுப்பு. முன்பெல்லாம் ஒரு பரிசோதனையைக் காட்டி அதைச் சாதாரணச் சரக்காகக் கப்பலேற்றினார்கள். 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமான கப்பல் விதி அந்த வழியை மூடிவிட்டது. மாறாக, நூற்றுக்கு 24 வீதத்துக்கு மேல் அற்ககோல் இல்லாத பானம் இந்த விதிக்குள் வரவே வராது. கள்ளை ஏற்றினால் உங்களுக்கு வேலை இல்லை, பனஞ்சாராயத்தை ஏற்றினால் விதியைத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது: பதினாறு பகுதித் தாள்

இங்கேதான் உங்கள் நேரத்தில் பெரும்பங்கைச் செலவழிக்கச் சொல்வேன். ஒவ்வொரு இரசாயனப் பொருளோடும் எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தாள் வரும். அதில் 16 பகுதி. பலர் நேரே பகுதி 14-க்குப் போய், அங்கே எழுதியிருக்கும் யூ.என். எண், பெயர், வகுப்பு, பொதித் தரம் (அபாயத்தின் அளவைக் காட்டும் ஒன்று முதல் மூன்று வரையான எண், ஒன்றுதான் ஆகக் கடுமையானது) ஆகியவற்றை அப்படியே பிரதி எடுப்பார்கள். அது தட்டச்சு. நமது வேலை, பகுதி 14 உண்மைதானா என்று மற்றப் பகுதிகளை வைத்துக் கேட்பது.

ஒரு வாசனைத் திரவியத்தின் தாளை எடுத்துக்கொள்வோம். பகுதி 14 சொல்கிறது: 1266, வகுப்பு 3, பொதித் தரம் மூன்று. பகுதி 9-க்குத் திரும்பிப் போகிறோம். அங்கே ஃபிளாஷ் பொயின்ற் 19 பாகை என்று இருக்கிறது, கொதிநிலை 78. விதி என்ன சொல்கிறது? கொதிநிலை 35-க்கு மேலிருந்து ஃபிளாஷ் பொயின்ற் 23-க்குக் கீழே இருந்தால் பொதித் தரம் இரண்டு. 23 முதல் 60 வரைக்கும்தான் மூன்று. தாளுக்குள்ளேயே முரண். தரம் மாறினால் பொதியின் வலிமை மாறும், ஒரு பெட்டிக்குள் வைக்கக்கூடிய அளவும் மாறும். பெயின்ற் போன்ற தடித்த திரவத்துக்கு விதிவிலக்கு உண்டு, வாசனைத் திரவியம் தண்ணீர் மாதிரி ஓடுவது, அது பொருந்தாது. இந்த ஒரு முரணைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு வேலை கொடுக்க ஆள் இருக்கிறது.

பெரிய பெயின்ற், பசை, துப்புரவுத் திரவக் கம்பனிகள் எல்லாம் தங்கள் தாள்களை இணையத்தில் சும்மாவே போட்டிருக்கின்றன. நாளுக்கு ஒன்றாக முப்பது தாள் படியுங்கள். பகுதி 2 (அபாயங்கள்), 3 (உள்ளே சேர்ந்திருப்பவை), 9 (பௌதிக இயல்புகள்), 14 (போக்குவரத்து) நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தாளுக்கு நான்கு வரி ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுங்கள். அந்த முப்பது குறிப்பும் பிறகு உங்கள் விண்ணப்பத்தோடு போகும்.

ஒரு பவர் பேங்கைக் கையில் எடுங்கள்

இன்றைக்கு டி.ஜி. மேசைக்கு வரும் சிக்கல்களில் லித்தியம் பற்றரியைத் தவிர்க்கவே முடியாது. உங்கள் பவர் பேங்கின் முதுகைப் பாருங்கள். 10,000 மில்லி அம்பியர் மணி, 3.7 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருக்கும். 10,000-ஐ ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. 100-க்குள் இருப்பதால் சிறிய பற்றரி. ஆனால் பவர் பேங்க் என்பது கருவி இல்லை, பற்றரியேதான், ஆகவே 3480. அப்படியென்றால் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில் மட்டும், அதுவும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல். லித்தியம் பற்றரியின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூ.என். 38.3 பரிசோதனையின் சுருக்கத்தையும் கேட்டுப் பெற வேண்டும். இதே பற்றரி கைபேசிக்குள் பொருத்தியிருந்தால் எண் 3481, விதியும் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகினால் நேர்முகத்தில் தடுமாற மாட்டீர்கள்.

விதிப் புத்தகங்கள்

எல்லாவற்றுக்கும் தாய் ஐ.நா.வின் மாதிரி விதிகள், ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள். அதையும் ஐரோப்பிய வீதிப் போக்குவரத்துக்கான ஏ.டி.ஆர். விதியையும் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். அமெரிக்க விதி 49 சி.எப்.ஆர்., பாகம் 171 முதல் 180 வரை, அதுவும் இலவசம். சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டா விமானத்துக்கு வெளியிடும் புத்தகமும் கப்பலுக்கான ஐ.எம்.டி.ஜி. கோவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை, இப்போது வாங்காதீர்கள். லித்தியம் பற்றரிக்கு அயாட்டா வெளியிடும் வழிகாட்டி மட்டும் இலவசம், அதை இறக்கி வையுங்கள். அயாட்டா விதி ஒவ்வொரு ஜனவரியும் மாறும், ஐ.எம்.டி.ஜி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பழைய பதிப்பை வைத்துப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போவதுபோல் ஆகிவிடக்கூடாது.

பயிற்சிக்குக் காசு கட்டும்போது

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். தேடத் தொடங்கிய காலத்தில் ஓர் இணையப் பயிற்சிக்கு அம்மாவின் காப்பை அடகு வைத்துக் காசு கட்டினேன். முடித்த பிறகுதான் தெரிந்தது, அது அமெரிக்க வீதிப் போக்குவரத்துக்கான அறிமுகம் மட்டும். நான் விண்ணப்பித்த வேலைகளோ விமானச் சரக்குக்கு. கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் போக்குவரத்துக்கு, எந்த வேலைப் பொறுப்புக்கு, எத்தனை மாதம் செல்லும்? விமானப் பயிற்சி 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அமெரிக்க விதியில் மூன்று வருடம். அங்கே ஊழியரைப் பயிற்றுவித்துச் சோதிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. புதியவர் பயிற்சி பெற்ற ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் 90 நாள் வரை வேலை செய்யலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அதனால் சான்றிதழ் இல்லையே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. விமானச் சரக்கில்தான் நிற்பேன் என்று முடிவெடுத்த பிறகு அயாட்டா அங்கீகாரம் பெற்ற இடத்தில் படியுங்கள்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அறிவியல் நகரில் தொழில்நுட்பம் படித்தவர்கள், வவுனியாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் எல்லோருக்கும் இது பொருந்தும். கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்த அக்காமாருக்கு இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம். ஒரு அடி எடுத்து வைக்குமுன் நடைமுறையைப் பார்ப்பது, செய்ததை உடனே எழுதி வைப்பது, ஊகிக்காமல் இருப்பது எல்லாம் அவர்களுக்கு ஏற்கனவே கைவந்த பழக்கம். அதை விண்ணப்பத்தில் வெட்கப்படாமல் எழுத வேண்டும்.

வேலை தேடுவது

ஆங்கிலத்தில் தேடுங்கள்: டேஞ்சரஸ் கூட்ஸ் ஸ்பெஷலிஸ்ட், ஹாஸ்மட் கொம்ப்ளையன்ஸ் அனலிஸ்ட், எஸ்.டி.எஸ். ஓதர் (அந்தத் தாளை எழுதுபவர்), டி.ஜி. டொகியுமென்டேஷன். விளம்பரத்தில் ரிமோட் என்று இருந்தாலும் கடைசி வரி வரை வாசியுங்கள். அமெரிக்க விளம்பரங்களில் பல, அமெரிக்காவுக்குள் இருந்தபடி ரிமோட் என்றுதான் முடியும். உள்ளதைச் சொல்கிறேன்: அனுபவமே இல்லாதவருக்கு முதல் நாளிலிருந்தே முழுக்க வீட்டு வேலை கிடைப்பது அரிது. கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ ஒரு சரக்கு முகவரிடம் ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டு, அதே ஆட்களின் நம்பிக்கையோடு ஊருக்குத் திரும்பிய வழிதான் என்னுடையது. களஞ்சியத்தில் ஒரு பெட்டியில் லேபல் எங்கே ஒட்டுகிறார்கள் என்று கண்ணால் பார்த்தது இன்றும் உதவுகிறது. பதிவுக் கட்டணம், வைப்புப் பணம் என்று கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். லண்டனில் காலை ஒன்பது நமக்குப் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. நியூயோர்க் என்றால் மாலை ஆறரை அல்லது ஏழரை. டுபாய் என்றால் காலை பத்தரை, சிறுபிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதுதான் வசதி. கரண்ட் போனால் ரவுட்டரைத் தாங்கும் சிறு யூ.பி.எஸ்., வேறு வலையமைப்பின் சிம் ஒன்று, இரண்டும் வேண்டும்.

நேர்முகம்

என்னிடம் ஒரு பசையின் தாளைக் கொடுத்து, அரை மணியில் வகைப்படுத்தச் சொன்னார்கள். பகுதி 9-இல் ஃபிளாஷ் பொயின்ற் இருக்க வேண்டிய இடத்தில் தரவு இல்லை என்று இருந்தது. பகுதி 3-இல் எளிதில் தீப்பற்றும் அசற்றோன் இருந்தது, பகுதி 14 அபாயச் சரக்கு அல்ல என்றது. வேர்த்துவிட்டது. கடைசியில் வகுப்பு எதையும் எழுதாமல், தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டிய மடலைத்தான் எழுதிக் கொடுத்தேன்: "உங்கள் தாளின் பகுதி 3-இல் அசற்றோன் குறிப்பிடப்பட்டுள்ளது. மூடிய கிண்ண முறையில் அளந்த ஃபிளாஷ் பொயின்றையும் ஆரம்பக் கொதிநிலையையும் தயவுசெய்து அனுப்புங்கள். அவை கிடைக்கும் வரை இந்தச் சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம்." வாசித்துவிட்டு, எப்போது தொடங்கலாம் என்று கேட்டார்கள். நீங்கள் எழுதப்போகும் முப்பது குறிப்புகளில் இரண்டு மூன்றாவது இப்படிக் கேள்வியாகவே முடியட்டும்.