அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி: குறைந்த விலையில் நம்பகமானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களில் சிலர், பாதுகாப்புக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். கடையில் கேட்டால் ஒரு பதில், நண்பர்களிடம் கேட்டால் வேறு பதில். முதல்முறை வாங்குகிறவர் எந்த வரிசையில் முடிவெடுத்தால் பணமும் வீணாகாது, ஆபத்தும் குறையும் என்று பார்ப்போம்.

படி 1: சட்டம் உங்களை அனுமதிக்கிறதா?

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் வாங்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு வாங்குவது மட்டுமல்ல, துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; அதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்த அப்பா அம்மாவை "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்க" என்று ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) கூட்டிப்போவதும் இதில்தான் வரும். நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவதும் குற்றமே.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும். கடையில் புதிதாக வாங்குவது அரசுப் பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும். டெக்சஸில் இந்த இரண்டு கட்டுப்பாடும் கிடையாது.

படி 2: பெட்டகத்துக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மன அழுத்தத்தில் இருந்தால் இப்போதைக்கு வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில், சட்டென்று திறக்கக்கூடிய பூட்டுள்ள சிறு பெட்டகம் துப்பாக்கிக்கு முன்பே வந்துவிட வேண்டும். அலமாரியின் மேல்தட்டும் தலையணை அடியும் ஒளித்துவைக்கும் இடங்கள் அல்ல.

படி 3: மிகச் சிறியதை வாங்காதீர்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. சின்னதாக இருந்தால் சுடுவதும் சுலபம் என்று தோன்றும், குறிப்பாகப் பெண்களுக்கு இப்படித்தான் கடையில் சொல்லி விற்பார்கள். உண்மை நேர் எதிரானது. தோட்டாவின் உதைப்பை உள்வாங்குவது துப்பாக்கியின் எடை. ரூகர் எல்சிபி சுமார் 270 கிராம்தான். சட்டைப்பையில் அடங்கும், ஆனால் சுட்டால் கை அதிரும், குறிபார்க்கும் முனைகளும் மிகச் சிறியவை. கிளாக் 19 தோட்டா இல்லாமலே 600 கிராமுக்கு மேல். அதே கைக்கு அது எவ்வளவோ அடக்கமாக இருக்கும். பிடித்தால் வலிக்கிற துப்பாக்கியோடு யாரும் பயிற்சிக்குப் போவதில்லை. அதனால் 'காம்பாக்ட்' எனப்படும் நடுத்தர அளவைப் பாருங்கள்.

தோட்டாவில் அதிகம் குழம்ப வேண்டாம். 9 மி.மீ. எடுங்கள்: எங்கும் கிடைக்கும், விலையும் தாங்கும். பயிற்சிக்குச் சாதாரண உலோக உறைத் தோட்டா, பாதுகாப்புக்கு உடலில் பட்டதும் விரியும் 'ஹாலோ பாயிண்ட்'. பின்னது ஆளைத் துளைத்துக்கொண்டு அப்பால் இருப்பவர்மேல் பாயும் ஆபத்து குறைவு.

படி 4: வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்

உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் துப்பாக்கியை வாடகைக்குத் தருவார்கள். முதலில் பயிற்சியாளரோடு ஒரு அடிப்படை வகுப்பு, அப்புறம் மூன்று நான்கு மாடல்கள். கையில் எடுத்ததும் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்து, தோட்டா ஏறி நிற்கும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். வரிசை முக்கியம்: மேகசின் முதலில். காலி என்று தெரிந்த பிறகும் குழாயை ஆள் பக்கம் திருப்பக் கூடாது. சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியேதான்.

பிறகு இவற்றைக் கவனியுங்கள். சுண்டுவிரலுக்குப் பிடியில் இடம் இருக்கிறதா? பிடியை மாற்றாமல் ஆள்காட்டி விரல் ட்ரிகரை எட்டுகிறதா? ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழுக்க முடிகிறதா? கைவலு குறைந்தவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸியைப் பாருங்கள். அதன் ஸ்லைடு இழுக்க லேசானது. 9 மி.மீ. ஈஸியைப் பழையதாக வாங்கினால் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபாருங்கள், 2020இல் தயாரானவற்றில் ஒரு பகுதி, சுத்தியல் (ஹாமர்) என்ற உள்பாகத்தின் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது.

படி 5: எதை வாங்கலாம்?

சுமார் 300 டாலருக்குள் டாரஸ் ஜி3சி கிடைக்கும், 12 தோட்டா பிடிக்கும். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் ரூகர் செக்யூரிட்டி-9. அதற்கும் மேலே ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ், சிக் பி365, கிளாக் 19. என் தேர்வு, போலீஸ் துறைகள் மாற்றிக் கொடுத்த பழைய கிளாக். ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறை) உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும், உள்பாகங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், புதியதைவிட விலையும் குறைவு. மிச்சமாகும் பணத்தில் தோட்டாவும், ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரும் வாங்குங்கள். மலிவான துணி ஹோல்ஸ்டர் வேண்டாம்.

படி 6: நம்புவதற்கு முன் சோதியுங்கள்

வீட்டுக்கு வந்ததும் கையேட்டைப் பார்த்துக் கழற்றிச் சுத்தம்செய்து எண்ணெய் போடுங்கள். சில வாரங்களில் 200 பயிற்சித் தோட்டாக்களும், பாதுகாப்புக்கு வைக்கப்போகும் அதே பிராண்டில் 50உம் சுடுங்கள். நடுவே தோட்டா சிக்கினால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. அனுபவசாலி ஒருவரைச் சுடச் சொல்லுங்கள், வேறு மேகசின் போட்டுப் பாருங்கள். அப்படியும் சிக்கினால் உத்தரவாதத்தில் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்ததும் சோதனையை முதல் தோட்டாவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.