ஏரியும் மலையும் பறிபோகாமல் இருக்க: முதல்முறை சட்ட உதவி தேடுகிறவர்களுக்கு

ஏரிக்குள் பொக்லைன் இறங்குகிறது. ஓடையில் நுரை மிதக்கிறது. மலையடிவாரத்தில் திடீரென்று ஒரு முள்வேலி முளைக்கிறது. உடனே ஊரில் எழும் கேள்வி, "யார் மேல கேஸ் போடலாம்?" என்பதுதான். கேஸ் போடலாம். ஆனால் வழக்கறிஞரிடம் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்கப்போவது இரண்டு விஷயம்: சர்வே எண் என்ன, இது எந்தத் தேதியில் தொடங்கியது? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் எவ்வளவு நியாயமான கோபமும் அங்கேயே நின்றுவிடும். அதனால் இந்த விளக்கத்தை நீதிமன்றத்தில் தொடங்காமல் தாலுகா அலுவலகத்தில் தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

படி 1: இடத்தைக் காகிதத்தில் கண்டுபிடியுங்கள்

பாதிக்கப்படும் இடத்தின் சர்வே எண், உட்பிரிவு எண் இரண்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து அ-பதிவேட்டு நகல் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேடு), புலப்படம் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்), கிராம வரைபடம் மூன்றையும் வாங்குங்கள். முதல் இரண்டையும் அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்க முடியும்.

அ-பதிவேட்டில் வகைப்பாடு என்னவென்று பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று ஏதாவது ஒரு புறம்போக்காக இருந்தால் உங்கள் நிலை வலுவானது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கொடுத்திருந்தாலும் அது செல்லாது என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கின்றன. 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகுதான், ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.

ஊரில் எல்லோரும் ஏரி என்று சொல்கிற இடம் பதிவேட்டில் தரிசு என்று இருக்கிறதா? பதற வேண்டாம். யு.டி.ஆர். என்று சொல்லப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைக் கேளுங்கள். வகைப்பாடு இடையில் மாறியிருந்தால் அந்த மாற்றமே வழக்கின் மையமாகிவிடும்.

படி 2: தேதியும் ஆதாரமும்

சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் அமைப்பு தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதற்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 14-இன்படி, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும், அவ்வளவுதான். கலெக்டர் பார்த்துக்கொள்வார், அடுத்த மாதம் பேசிக்கொள்வோம் என்று காத்திருக்கும்போதே பாதிக் காலம் ஓடிவிடும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். என்றைக்கு முதல் லாரி வந்தது, என்றைக்கு மீன் செத்து மிதந்தது, யாரிடம் என்றைக்குச் சொன்னீர்கள் என்று எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது செல்போனில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டு எடுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு இருக்கும் நாள், இடம் பற்றிய தகவல் போய்விடும். தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனால் விவகாரம் வேறு நீதிமன்றத்துக்குப் போனால், மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களும் கிடைக்கின்றன. ஏரியின் பரப்பு சுருங்கியதைக் காட்ட அவை நல்ல துணை.

கழிவுநீர் விவகாரத்தில் பலர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தனியார் ஆய்வகத்துக்கு ஓடுகிறார்கள். உங்கள் சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள அது உதவும். சட்டப்படி எடை உள்ளது, 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 21 சொல்லும் முறைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கும் மாதிரிதான். எனவே வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு "வந்து மாதிரி எடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் வராவிட்டால், கேட்டும் வரவில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.

படி 3: மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள்

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு மனு. அதன் நகல்கள் வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் ஊராட்சிக்கும். மண், கல் எடுக்கிறார்கள் என்றால் கனிமவளத் துறைக்கும். நேரில் கொடுத்தால் முத்திரையோடு ரசீது வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஸ்பீட் போஸ்ட். வாய்ச்சொல்லாகச் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் நழுவலான பதில்தான் வரும். நகல்களைக் கேளுங்கள்: இந்த சர்வே எண்ணில் மண் எடுக்கக் கொடுத்த அனுமதி ஆணையின் நகல், நடைச்சீட்டுப் (லாரியில் மண், கல் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) பதிவேட்டின் நகல், ஆலையை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளித்த இசைவாணையின் நகல், கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கை. "அப்படி ஆவணம் எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள். ஆனால் 6 மாதக் கெடுவை மறக்காதீர்கள். தகவல் வரட்டும் என்று அதைக் கோட்டைவிடக் கூடாது.

படி 4: ஊரை அதிகாரபூர்வமாகப் பேச வையுங்கள்

தனி ஒருவர் போடும் மனுவைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானத்தை எழுதச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-இன் பிரிவு 41, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. ஊரின் செடி கொடி, மீன், பறவை, நாட்டு மாடு, பாரம்பரிய நெல் எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது அந்தக் குழுவின் வேலை. பல ஊர்களில் குழு பெயரளவில்தான் இருக்கிறது. இருந்தாலும் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் பட்டியல் அரசுப் பதிவேட்டில் இருந்தால், "அது வெறும் கட்டாந்தரை" என்று யாரும் வாதாட முடியாது.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 37-இன் கீழ், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது, சுமார் 193 ஹெக்டேர். 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது மக்கள் திரண்டார்கள், சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் போராட்டம்தான் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் "இது அறிவிக்கப்பட்ட தலம்" என்கிற அரசாணை ஏற்கெனவே கையில் இருந்ததால் அந்தப் போராட்டத்துக்குச் சட்டத்தின் முதுகெலும்பும் கிடைத்தது. ஆபத்து வருவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்து வைப்பதுதான் சாமர்த்தியம். 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில் காடும் இதே அந்தஸ்தைப் பெற்றது.

படி 5: எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

தண்ணீர் மாசு, காற்று மாசு, வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது, பல்லுயிர்ச் சட்ட மீறல், சுற்றுச்சூழல் அனுமதி இல்லாத குவாரி போன்றவற்றுக்குப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில், கலச மகாலில் இருக்கிறது. நடப்பதை நிறுத்த வேண்டும் என்றால் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 14. கெட்டுப்போன நிலத்தை மீட்கவும் இழப்பீடு பெறவும் பிரிவு 15, அதற்குக் கெடு 5 ஆண்டுகள். ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதானால் பிரிவு 16-இன் கீழ் மேல்முறையீடு. இதற்கு 30 நாட்கள்தான், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60. அனுமதிக்கு முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் பேசிவிட்டு மட்டும் வராமல், எழுத்திலும் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 தீர்ப்பாயத்தின் அதிகார வரம்புக்குள் வராது. யானை வழித்தடம், சரணாலயம் சம்பந்தப்பட்டது என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் பொதுநல மனு போடலாம். நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் பற்றிய வழக்கு அப்படிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியதுதான்; அங்கே வந்த தீர்ப்பை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றக் கோருவதற்கும் உயர் நீதிமன்றமே வழக்கமான இடம். தென்மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை.

குப்பை எரிப்பு, தெருவில் தேங்கும் கழிவுநீர் போன்ற உள்ளூர்த் தொல்லைக்கு சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 152-இன் கீழ் கோட்டாட்சியரே அதை அகற்ற உத்தரவிடலாம். அதிகம் பேர் பயன்படுத்தாத, மலிவான வழி இது.

படி 6: இலவச வழக்கறிஞர்

பணம் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. இந்தச் சட்டத்தில் நீதிமன்றம் என்றால் தீர்ப்பாயமும் அடக்கம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாததால், ஊரில் ஒரு பெண்ணையே மனுதாரராக நிறுத்துவது நல்ல யோசனை. அவருக்கு முழுச் சம்மதம் இருக்க வேண்டும், மிரட்டல் வந்தால் ஊர் கூட நிற்க வேண்டும்.

படி 7: மனு எழுதுவது

தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழ் ஆவணங்களோடு மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் அனுமதி உண்டு.

சம்பவங்களைத் தேதி வரிசையில் எழுதுங்கள். இயற்கை அன்னை பற்றிய வருணனை வேண்டாம். கோரிக்கை அளந்து சொன்னதாக இருக்கட்டும்: "ஏரியைக் காப்பாற்ற வேண்டும்" என்று எழுதினால் பொத்தாம்பொதுவான உத்தரவுதான் வரும். "இந்த சர்வே எண்ணில் மண் எடுப்பதை நிறுத்த வேண்டும், எல்லையை அளந்து கல் நட வேண்டும், தோண்டிய பள்ளத்தால் ஏற்பட்ட சேதத்தை மதிப்பிட வேண்டும், சரிசெய்யும் செலவைச் சேதம் செய்தவரிடமே வசூலிக்க வேண்டும்" என்று பிரித்துக் கேளுங்கள். கடைசிக் கோரிக்கைக்கு நம் மாநிலத்து வழக்கே துணை நிற்கும். பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில்தான், 1996-இல், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கிற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இடைக்கால உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கு முடிவதற்குள் மலையே காணாமல் போகலாம் அல்லவா? அப்புறம், மிகைப்படுத்த வேண்டாம். பொய்யான, அற்பமான வழக்கு என்று தோன்றினால் தீர்ப்பாயம் செலவுத் தொகை விதிக்க முடியும்.

படி 8: விசாரணையும் அதற்குப் பிறகும்

பெரும்பாலும் தீர்ப்பாயம் முதலில் பல துறை அதிகாரிகள் அடங்கிய ஒரு கூட்டுக் குழுவை அமைத்து, இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லும். குழு வரும் நாளில் நீங்கள் அங்கே இருப்பது மிக முக்கியம். வண்டி நிற்கும் இடத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போக விடாமல், பள்ளத்துக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் கூட்டிப் போங்கள். அறிக்கையில் தவறு இருந்தால் ஆட்சேபனை மனு போடலாம்.

உத்தரவு சாதகமாக வந்ததும் சான்றிட்ட நகலை வாங்கி, ஒரு கடிதத்தோடு ஆட்சியருக்கும் சம்பந்தப்பட்ட துறைக்கும் அனுப்புங்கள். அவர்கள் அசையாவிட்டால் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மதிக்காதவருக்குத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 26-இன்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்தே விதிக்கலாம். எதிர்த்தரப்பு 90 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே உங்களைக் கேட்காமல் தடை வாங்கிவிடாதபடி ஒரு கேவியட் மனுவை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள். இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் உச்ச நீதிமன்றத்துக்கும் ஒரு சட்டப் பணிக் குழு இருக்கிறது.