புயல் மழையில் பயிர் போனால் நிவாரணம் வாங்குவது எப்படி?

நாகப்பட்டினம் மாவட்டத்தில் சம்பா போடுகிறவன் நான். புயல் அடித்து ஓய்ந்ததும் அக்கம்பக்கத்து விவசாயிகள் மனு எழுத என்னிடம் வருவார்கள். நான் முதலில் கேட்பது, "அடங்கலில் யார் பேர் இருக்கு?" என்றுதான்.

எந்த வயலில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி என்று அரசு பார்க்கிற கணக்கு அதுதான். ஆகவே நடவு முடிந்த கையோடு வி.ஏ.ஓ.விடம் போய், நடப்புப் பசலி (வருவாய்த் துறையின் ஆண்டு) அடங்கலில் உங்கள் சர்வே நம்பருக்கும் உட்பிரிவுக்கும் நேரே நெல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குத்தகைக்காரர்கள் இதை விடவே கூடாது. வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் பேர் ஏறவில்லை என்றால், விதையும் உரமும் ஆள்கூலியும் போட்டவர் வெறுங்கையோடு நிற்க, நிவாரணப் பணம் பட்டா வைத்திருக்கும் நிலக்காரர் கணக்குக்குப் போய்விடும். நட்டவருக்குத்தான் அது சேர வேண்டும். நிலக்காரரிடம் மழைக்காலத்துக்கு முன்பே பேசி எழுத்து வாங்குங்கள். கோயில் நிலமென்றால் குத்தகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால்தான் நிவாரணம். 2022இல் வந்த மத்தியப் பேரிடர் விதிமுறைப்படி ஹெக்டேருக்குப் பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500; அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். மாநில அரசு சில சமயம் கூட்டியும் தரும். 2023 பிப்ரவரியில் டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் அந்தந்த அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 33 சதவீதம் முடிவாவது வயலில். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத் தெரியும். அடித்தூர் அழுகியிருக்கும், சாய்ந்த கதிர் முளைவிட்டிருக்கும். அதனால் தண்ணீர் நிற்கும்போதே தேதியும் இடமும் பதிகிற செயலியில் படம் எடுத்துவிடுங்கள். வரப்பு, மடை, பக்கத்து வயல் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் எடுங்கள். அதிகாரி வரும் நாளில் நீங்களே வயலில் இருந்து, நடுவில் இறங்கி, தூரைப் பிடுங்கிக் காட்டுங்கள்.

தோப்பு வைத்திருப்பவர்கள் கணக்கெடுக்கும் முன் மரத்தை அப்புறப்படுத்த வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒரு தென்னைக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தார்கள். எண்ணுவதற்கு மரம் கண்ணெதிரே கிடக்க வேண்டும். வழி அடைத்துக் கிடந்தால் படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு ஓரமாகத் தள்ளுங்கள்.

அப்புறம், நிவாரணம் வேறு, பயிர்க் காப்பீடு வேறு. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் நாம் கட்டுகிற பிரீமியம். அதில் பெரும்பாலும் உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியின் அறுவடைச் சோதனையில் வரும் சராசரி மகசூலை வைத்துத்தான் இழப்பீடு. ஆனால் அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தால் தனி வயலுக்கே கேட்கலாம். அதற்கு 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். காப்பீட்டு உதவி எண் 14447.

நிவாரண மனுவோடு சிட்டா (நிலம் யார் பேரில் என்று காட்டும் நகல்), அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் வையுங்கள். கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று முன்னதாகப் பாருங்கள். பயனாளிகள் பட்டியல் தயாரானதும் உங்கள் பேரும் பரப்பும் சரியா என்று கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நடக்கவில்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது, மாதம் ஒருமுறை விவசாயிகளுக்கென்று தனியாகவும் நடக்கிறது. அந்த ஒப்புகையை எடுத்துக்கொண்டு போங்கள்.