ஓஓடிபி-ல மைனர் லீக் பசங்கள நாமளே எப்படி கெடுக்கிறோம்?

கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்லயும் ஓடுற கேம்ங்கறதால 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்', சுருக்கமா ஓஓடிபி, எங்க மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் கூட சில பசங்க கையில மாட்டியிருக்கு. பந்தை நாம அடிக்கப்போறது இல்ல, டீமோட ஜெனரல் மேனேஜரா உக்காந்து ஆள் எடுக்கறது, சம்பளம் பேசறது, ட்ரேட் பண்றது, அவ்ளோதான் வேலை. 'எம்எல்பி தி ஷோ' ஆடணும்னா கன்சோல் வாங்கணும், அது பிசிக்கு வர்றதில்ல. எதை ஆடினாலும் ஃப்ரான்சைஸ் மோடுல, அதாவது ஒரே டீம வருஷக்கணக்கா நடத்தறதுல, முக்கால்வாசி பேரு சறுக்கற இடம் மைனர் லீக், பெரிய லீக்குக்குப் பசங்கள தயார் பண்ற கீழ்மட்ட லீக்.

புதுசா வர்றவங்களுக்கு மட்டும்: அமெரிக்க பேஸ்பாலோட உச்சமான மேஜர் லீக்ல (எம்எல்பி) 30 டீம், ஒவ்வொண்ணுக்கும் கீழ ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏன்னு நாலு டீம், 2021-ல இருந்து மொத்தம் 120. அதுக்கும் கீழ ரூக்கி லீக், டொமினிகன் சம்மர் லீக். 17 வயசுப் பய கீழ இருந்து ஒவ்வொரு படியா ஏறி வரணும். புதுப் பசங்கள டீமுங்க ரவுண்டு ரவுண்டா முறை வச்சு எடுக்கறதுக்குப் பேரு டிராஃப்ட்.

சமீபத்துல கும்பகோணத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணே, டிராஃப்ட்ல மொத ரவுண்டுல எடுத்த பயலுக்கு 75 பொட்டென்ஷியல் காட்டுச்சு, ரெண்டே சீசன்ல 45க்கு வந்துட்டான், கேம்ல பக் இருக்குண்ணே."

"பக்கெல்லாம் இல்லடா. உன் ஸ்கவுட்டிங் டைரக்டர் ரேட்டிங் எப்படி, பட்ஜெட் எவ்ளோ வச்சிருக்க?"

"அதக் கொறச்சுதாண்ணே பந்து போடற பிட்ச்சர் ஒருத்தன வாங்கினேன்."

முடிஞ்சுது கதை. அந்த 75ங்கறது பையனோட மண்டையில எழுதியிருக்கற நம்பர் இல்ல, உங்க ஸ்கவுட், அதாவது ஆள் தேடி மதிப்பு போடறவர், தூரத்துல இருந்து பாத்துட்டு சொல்ற அபிப்பிராயம், ஸ்கவுட் சுமாரான ஆளா இருந்தா அபிப்பிராயமும் சுமாராத்தான் இருக்கும், அதுவும் 20-80 ஸ்கேல்ல 50னாலே மேஜர் லீக் ஆவரேஜ், அப்ப 75னு ஒருத்தன் சொன்னா மொதல்ல சந்தேகம்தான் வரணும். இதுல ஸ்கவுட் சரியா சொன்னாலும் பையனோட உண்மையான திறமையே காலப்போக்குல ஏறும் இறங்கும், அதுக்குன்னே கேம்ல டேலண்ட் சேஞ்ச் ராண்டம்னெஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, டீஃபால்ட் 100. நெஜத்துலயும் இதே கூத்துதான். 1991-ல யாங்கீஸ் மொத ஆளா எடுத்த ப்ரையன் டெய்லர் கடைசி வரைக்கும் மேஜர் லீக்ல ஒரு பந்து கூட போடல. 2013-ல ஆஸ்ட்ரோஸ் மொத ஆளா எடுத்த மார்க் ஆப்பெல் மேல வர 2022 ஆயிடுச்சு, அதுவும் வேற டீம்ல. ஆல்பர்ட் புஹோல்ஸ 13-வது ரவுண்டுலதான் எடுத்தாங்க, மைக் பியாட்ஸாவ 62-வது ரவுண்டுல. இதுக்கெல்லாம் பின்னாடி சம்பளம் வாங்கற ஸ்கவுட்டுங்க இருந்தாங்க, மறந்துடாதீங்க.

அதனால அந்த ஒரு நம்பர மட்டும் நம்பி உக்காராதீங்க. உங்க ஸ்கவுட் சொல்றதையும் ஓஎஸ்ஏ ரிப்போர்ட்டையும் (கேம் எல்லா டீமுக்கும் பொதுவா குடுக்கற ஸ்கவுட்டிங்) பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ரொம்ப வித்தியாசமா இருந்தா அந்தப் பையன் மேல பெரிய காச கட்டாதீங்க. அப்புறம் அவன் உண்மையிலேயே என்ன ஆடியிருக்கான்னு பாருங்க, பேட்டிங் ஆவரேஜ விட ஸ்ட்ரைக்அவுட்டும் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட் ஆறது) வாக்கும் (walk, நாலு தப்பான பந்து வந்தா சும்மா கெடைக்கற மொத பேஸ்) தான் சேதி சொல்லும். பர்சனாலிட்டில வொர்க் எதிக் கம்மியா இருக்கற பயல எவ்ளோ பொட்டென்ஷியல் இருந்தாலும் நான் மொத ரவுண்டுல தொடமாட்டேன், இது என் பிடிவாதம்னே வச்சுக்குங்க.

அடுத்தது அவசரம். சிங்கிள்-ஏல ஒரு மாசம் வெளுத்து வாங்கிட்டான்னு நேரா டபுள்-ஏக்கு தூக்கறது. குறுவைக்கு நாத்து விட்டவங்களுக்கு இத ஈஸியா சொல்லிடலாம்: இருபது இருபத்தஞ்சு நாள் நாத்த பறிச்சு நட்டா புடிச்சுக்கும், அதுக்கு முன்னாடி நட்டு தண்ணி தேங்கினா அழுகிடும், மேட்டூர்ல தொறக்கல, வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரலன்னு நாத்தங்கால்லயே போட்டு வச்சா அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. ஓஓடிபி-லயும் ரெண்டு பக்கமும் நஷ்டம் இருக்கு. தாங்க முடியாத லெவல்ல போட்டு அடி வாங்க விட்டா வளர்ச்சி படுத்துடும், எல்லாரையும் ஊதித் தள்ற லெவல்லயே வச்சிருந்தா கத்துக்க ஒண்ணும் இல்லாம நின்னுடுவான். ரெண்டாவதுதான் நம்மாளுங்க கண்ணுக்கே தெரியறதில்ல, ஸ்டாட்ஸ் அழகா இருக்குல்ல, ஆனா 24 வயசுல ஹை-ஏல .330 ஆவரேஜ் அடிக்கறவன் ப்ராஸ்பெக்ட்டே (மேல வருவான்னு எதிர்பாக்கற பய) இல்ல, சின்னப் பசங்கள அடிக்கற பெரிய பையன். ஒரு லெவல்ல 200 தடவையாவது பேட்டிங் புடிக்கட்டும், வயசு அந்த லீக் ஆவரேஜோட ஒத்துப்போகுதா பாருங்க, அப்புறம் தூக்குங்க.

லெவல் தப்பினா என்ன ஆகும்னு நெஜத்துல பாக்கணும்னா மைக்கேல் ஜோர்டன் இருக்கார். 1994-ல பாஸ்கெட்பால விட்டுட்டு வந்த மனுஷன நேரா டபுள்-ஏல, பர்மிங்ஹாம் பேரன்ஸ் டீம்ல போட்டாங்க. 127 மேட்ச், .202 ஆவரேஜ், 114 ஸ்ட்ரைக்அவுட். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் பேஸ்பாலே ஆடாதவருக்கு அது மோசம்னு நான் சொல்லமாட்டேன், ஆனா உங்க 19 வயசுப் பயலுக்கு அந்த வருஷம் வேணாம்.

பெஞ்சுல உக்கார வைக்கறது இன்னொரு வியாதி. நல்ல ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) ரெண்டு பேர ஒரே டபுள்-ஏ டீம்ல போட்டுட்டு ஒரே கிளிக்குல ரெண்டு மாசம் சிமுலேட் பண்ணிட்டு வந்து பாத்தா ஒருத்தன் வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடியிருப்பான். கீழ் டீமோட மேனேஜர் கம்ப்யூட்டர், அவனுக்கு இன்னிக்கு ஜெயிக்கணும், உங்க 2030 பிளான் பத்தி அவனுக்கு என்ன கவலை. ட்ரிபிள்-ஏல 31 வயசு ஆளுங்க ஒரு கூட்டமே எடத்த அடைச்சுக்கிட்டு இருப்பாங்க, தயவுதாட்சண்யம் பாக்காம ரிலீஸ் பண்ணுங்க. வாரம் வாரமா சிமுலேட் பண்ணுங்க, முக்கியமான பத்துப் பதினஞ்சு பசங்க எங்க, எந்த பொசிஷன்ல, எத்தன மேட்ச் ஆடறாங்கன்னு பாருங்க, மிச்சவங்கள கம்ப்யூட்டர் கையில விட்டுடலாம், எல்லாரையும் நாமளே பாத்தா பைத்தியம் புடிச்சிடும். ஆட்டோசேவையும் ஆன் பண்ணி வைங்க, ஐப்பசி மழையில கரண்ட் போனா பாதி சீசன் போயிடும்.

இப்ப நிறையப் பேருக்கு புரியாத இடம், 40-மேன் ரோஸ்டர், அதாவது மத்த டீம் எடுக்காம டீம் பாதுகாத்து வச்சுக்கற 40 பேர் பட்டியல். 18 வயசுலயோ அதுக்குக் கீழயோ கையெழுத்து போட்டவன அஞ்சு சீசனுக்குள்ள, 19-லயோ அதுக்கு மேலயோ போட்டவன நாலு சீசனுக்குள்ள அந்த 40 பேருக்குள்ள சேக்கணும், இல்லனா டிசம்பர்ல ரூல் 5 டிராஃப்ட்ல எவன் வேணா 100,000 டாலர் கட்டி தூக்கிட்டுப் போயிடுவான், ஒரே நிபந்தனை, எடுத்தவன் சீசன் முழுக்க அவன மேஜர் லீக்ல ஆடற 26 பேர்ல வச்சிருக்கணும். யாரு எடுக்கப்போறான்னு அசால்ட்டா இருக்காதீங்க. பைரேட்ஸ் ராபர்ட்டோ க்ளெமென்டேவ டாட்ஜர்ஸ் கிட்ட இருந்து 1954-ல தூக்குனது இந்த வழியிலதான். 1999-ல ஆஸ்ட்ரோஸ் இப்படி விட்ட ஜோஹன் சான்டானா மினசோட்டாவுக்கு 2004, 2006 ரெண்டு வருஷமும் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் அவார்டு வாங்கிக் குடுத்தார். இதுக்கு பயந்து எல்லாப் பொடிசையும் முன்னாடியே 40-ல சேத்தா அது வேற கூத்து, ஏன்னா சேத்தப்புறம் கீழ அனுப்பறதுக்கு ஆப்ஷன் மூணு வருஷம்தான், ஒரு சீசன்ல 20 நாள் கீழ இருந்தாலே ஒரு வருஷம் காலி. 18 வயசுப் பயல இப்பவே சேத்துட்டா அவன் 22-ல ரெடி ஆகறதுக்குள்ள ஆப்ஷன் தீந்து, வேற டீம் வேய்வர்ஸ்ல (ஒரு டீம் விடற ஆள மத்த டீம் எடுத்துக்கற வழி) கொத்திட்டுப் போவான்.

யாராவது அடிபட்டா ஒரு வாரத்துக்கு பெஞ்சுக்கு ஆள் வேணும்னு உங்க பெஸ்ட் ப்ராஸ்பெக்ட மேல கூப்பிடறதும் இதே கணக்குதான். 172 நாள் மேல இருந்தா ஒரு வருஷ சர்வீஸ், ஆறு வருஷம் ஆனா ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கு வேணா போகலாம். 2015-ல கப்ஸ் டீம் க்ரிஸ் ப்ரையன்ட்ட சீசன் தொடங்கி கொஞ்ச நாள் கழிச்சு கூப்பிட்டதுல அவருக்கு 171 நாள்தான் வந்துச்சு, ஒரே ஒரு நாள்ல டீமுக்கு ஒரு வருஷம் கூட கெடச்சுது. மனுஷனுக்கு அது அநியாயம்தான், அவர் புகார் குடுத்தும் 2020-ல தோத்துட்டார். கேம்ல மனசாட்சிய கொஞ்சம் ஓரமா வச்சுக்கலாம். பெஞ்சுக்கு ட்ரிபிள்-ஏல இருக்கற அந்த வயசான ஆளுங்கள்ல ஒருத்தர் போதும், அதுக்குன்னு ஒண்ணு ரெண்டு பேர விட்டு வைங்க.

பிட்ச்சர் விஷயத்துல ஒண்ணுதான் சொல்லணும், ஸ்டாமினாவும் சுமாராவாவது மூணு பிட்ச்சும் (பந்து வகை) இருக்கறவன ரிலீவர் (நடுவுல வந்து கொஞ்ச நேரம் பந்து போடறவன்) ஆக்க அவசரப்படாதீங்க. மூணாவது பிட்ச் 23 வயசுல கூட திடீர்னு வரும், வரலன்னா அப்ப மாத்திக்கலாம்.

கடைசியா, பசங்க மேல பாசம். பத்து நல்ல ப்ராஸ்பெக்ட் இருந்தா ரெண்டு மூணு பேரு தேறினாலே பெரிய விஷயம், ஆனா நாம பத்து பேரையும் கட்டிப்புடிச்சுக்கிட்டு இருப்போம். ஜூலை கடைசி ட்ரேட் டெட்லைன் நெருங்கும்போது எதிர் டீமும் அவங்க ஸ்கவுட் சொல்ற நம்பரத்தான் பாக்கறான், உங்க ஆள உங்க ஸ்கவுட்ட விட அவன் ஸ்கவுட்டு ஜாஸ்தியா மதிப்பு போட்டிருந்தா அன்னிக்கே குடுத்துடுங்க. நான் குடுக்கற மொத ஆளு எப்பவும் பவர் இருந்தும் வாக்கே வாங்கத் தெரியாத கார்னர் அவுட்ஃபீல்டர் (மைதானத்தோட வலது, இடது ஓரத்துல நிக்கறவன்), ரெண்டாவது, டபுள்-ஏலயே முழங்கை வலின்னு உக்காந்த பிட்ச்சர்.