கிறிஸ்துவின் இயல்பை மறைஞான நூல்களில் தேடுபவர்கள் வழுக்கும் இடங்கள்

மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர் இல்லை என்பது வன்னியில் எவருக்கும் தெரியும். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி வைக்கும் வீட்டுக்காரர் மடு மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஆகவே கிறிஸ்துவின் உட்பொருளைத் தேடி ஞானவாதம் (இரகசிய அறிவால் மீட்பு என்ற பழைய கிறிஸ்தவப் போக்கு), தியோசபி (எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே மறைஞானம் உண்டு என்ற 19ஆம் நூற்றாண்டு இயக்கம்), ஆஸ்திரிய மறைஞானி ருடால்ஃப் ஸ்டைனர் என்று வாசிக்கத் தொடங்கும் எங்கள் ஆட்கள் வெறும் மனதோடு போவதில்லை. தெய்வமும் மனிதரும் எப்படிச் சேர்வார்கள் என்பதற்கு ஏற்கெனவே இரண்டு அச்சுகள் உள்ளே இருக்கின்றன. கனபேர் பிழைவிடுவது அந்த அச்சுகளில்தான்.

முதலாவது கண்ணகி அச்சு. மனிதப் பிறவி தன் கற்பாலும் துயராலும் தெய்வமாக உயர்கிறது. இதைக் கிறிஸ்துவுக்குப் போட்டால், “யேசு நல்லதொரு மனிதர், தவத்தால் கிறிஸ்து நிலையை எட்டினார், நாங்களும் எட்டலாம்” என்று வரும். யூடியூப்பில் கிறிஸ்து உணர்வு என்று பேசுபவர்களில் பலர் சொல்வது இதுதான். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமோ எதிர்த் திசையில் போகிறது. ஆதியில் கடவுளோடு இருந்த வாக்கு மனிதரானார் என்கிறது.

இரண்டாவது, பிட்டுக்கு மண் சுமந்த கதை தரும் அச்சு. சிவன் கூலியாளாக வந்தார், பிரம்படி வாங்கினார், ஆனால் அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. அது திருவிளையாடல், கூலியாள் வேடம். கிறிஸ்துவின் உடலும் வேடம்தான் என்று பழைய ஞானவாதிகள் சிலர் நினைத்தார்கள். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த ஏடுகளில் ஒன்றில், தன்னைச் சிலுவையில் அறைந்துவிட்டதாக நினைப்பவர்களைப் பார்த்துக் கிறிஸ்து சிரிக்கிறார். வாசிக்க ஆழமாகத் தெரியும். சங்கிலியோடு ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார் இந்த எண்ணத்துக்குக் கொடுத்த பதில் எனக்கு இன்னும் ஆழமாகப் படுகிறது: அவருடைய பாடு வெறும் தோற்றம் என்றால், நான் ஏன் சங்கிலியில் கிடக்கிறேன்?

2009 மேயில் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. காயப்படாத கிறிஸ்துவால் அவர்களிடம் என்ன சொல்ல முடியும்? மாற்கு எழுதிய கிறிஸ்து, “என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கத்திச் சாகிறார். அந்த வரியை உருவகமாக மட்டும் எடுப்பவர் கிறிஸ்துவின் பாதியைத் தொலைத்துவிடுகிறார்.

451இல் திருச்சபை ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் சொன்னது இரண்டு அச்சுக்கும் அடங்காது. ஒரே ஆள், முழுக் கடவுள், முழு மனிதர். இரண்டு இயல்பும் கலக்கவில்லை, மாறவில்லை, பிரியவில்லை, பிளவுபடவில்லை. கவனித்தால் நாலும் எதிர்மறை. எப்படி என்று விளக்காமல் வேலியை மட்டும் போட்டு வைத்தார்கள். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்த யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியின் “நாம் அறியோம்” என்ற வாக்கியம் பழகின காதுக்கு இது அந்நியமாகக் கேட்காது.

அடுத்து, “நானும் தந்தையும் ஒன்று” என்ற வசனத்தை எடுத்து, உடனே “அகம் பிரம்மாஸ்மி” (நானே பிரம்மம்) என்ற வேதாந்த வாக்கியத்தோடு சமன்பாடு போடுவது. அவசரம். அதே நற்செய்தியில் “தந்தை என்னிலும் பெரியவர்” என்றும் சொல்கிறார். மற்ற நற்செய்திகளில், பிடிபடுமுன் கெத்சமனித் தோட்டத்தில் “என் விருப்பமல்ல, உம் விருப்பம்” என்று மன்றாடுகிறார். மன்றாட இரண்டு பேர் வேண்டும். கிறிஸ்துவுக்கு மனித விருப்பமும் உண்மையாக இருந்தது என்று விடாமல் சொன்னதற்காக 662இல் மாக்சிமுஸ் என்ற துறவியின் நாக்கையும் வலது கையையும் வெட்டினார்கள். 681இல் முடிந்த திருச்சபைச் சங்கம் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. எங்கள் சைவ சித்தாந்தமும் முத்தியில் உயிர் சிவத்தோடு ஒன்றினாலும் சிவமாகிவிடாது என்கிறது. மனிதர் இறைத்தன்மையில் பங்குபெறுவார், ஆனால் கடவுளாகிவிடமாட்டார் என்று கீழைத் திருச்சபைத் துறவிகள் சொல்வதற்குக் கிட்ட நிற்பது அதுதான். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு வேதாந்தத்துக்கு ஏன் ஓட வேண்டும்? சித்தாந்தத்தில் சிவன் தாய் வயிற்றில் பிறப்பதில்லை என்ற வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கவும் கூடாது.

கர்மக் கணக்கைக் கிறிஸ்துவின் வாயில் திணிப்பதும் நடக்கிறது. பிறவிக் குருடரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்ட இடத்தை மறுபிறவிக்குச் சான்றாகக் காட்டுவார்கள். கேள்வி சீடருடையது. யேசுவின் பதில், இவர் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்பது. பிள்ளையைப் போரில் இழந்த தாயிடம் போய் முற்பிறவி வினை என்று சொல்பவர் இந்த அதிகாரத்தைத் துணைக்கு இழுக்க வேண்டாம்.

மறைஞானம் எல்லாம் ஒன்றையே சொல்கிறது என்பதும் சரியல்ல. தியோசபித் தலைவர்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தியை வரப்போகும் உலக குருவாக முன்னிறுத்தினார்கள். கிறிஸ்து ஒரேயொரு தடவைதான் உடலில் வந்தார், கொல்கொதாவில் நடந்த சிலுவைச்சாவு பூமியின் வரலாற்றுக்கே திருப்புமுனை என்று நின்ற ஸ்டைனர் 1913 அளவில் அவர்களிடமிருந்து பிரிந்தார். கிருஷ்ணமூர்த்தியோ 1929இல் தனக்காக அமைத்த சங்கத்தைத் தானே கலைத்தார். ஸ்டைனரும் திருச்சபையோடு ஒத்துப்போகவில்லை. யோர்தானில் திருமுழுக்கின்போதுதான் கிறிஸ்து யேசுவுக்குள் இறங்கினார் என்பது அவர் கருத்து. பெத்லகேமில் பிறந்த குழந்தையே கிறிஸ்து என்று நம்பும் மடுப் பக்தருக்கு அது ஒப்பாது.

யேசு இந்தியாவில் படித்தார் என்ற வட்ஸ்அப் செய்தியில் நேரம் செலவழிக்க வேண்டாம். 1894இல் நொட்டோவிச் என்ற ரஷ்யர், ஹெமிஸ் மடத்து ஏட்டில் இருந்ததாகச் சொல்லி வெளியிட்ட கதை அது. லடாக்கின் ஹெமிஸ் மடத்துக்கு அடுத்த வருடமே ஒருவர் போய் விசாரித்தார். அப்படி ஏடு எதுவும் இல்லை என்று மடத்தின் தலைமைத் துறவி சொல்லிவிட்டார்.

சரி, எங்கே தொடங்குவது? மாற்கு நற்செய்தி 16 அதிகாரம், ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். ஸ்டைனர் 1908இல் ஹம்பேர்க்கில் யோவான் பற்றியும் 1912இல் பாசலில் மாற்கு பற்றியும் ஆற்றிய உரைகளை அப்புறம் எடுக்கலாம். நற்செய்தி தெரியாமல் அவற்றைத் திறந்தால், எது மாற்கு சொன்னது, எது ஸ்டைனர் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.