என்எம்ஆர் ட்யூபைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால்

என்எம்ஆர் என்பது சாம்பிளை வலுவான காந்தத்துக்குள் வைத்து மூலக்கூறின் அமைப்பை ஸ்பெக்ட்ரமாக, அதாவது பீக்குகள் உள்ள வரைபடமாகக் காட்டும் முறை. அந்த ஸ்பெக்ட்ரம் சொதப்பினால் லேபில் எல்லோரும் திட்டுவது மெஷினைத்தான், ஆனால் பெரும்பாலும் தப்பு நாம் கொண்டுபோன ட்யூபுக்குள் இருக்கும்.

முதலில் காம்பவுண்டை நன்றாக உலர்த்துங்கள். ரோட்டாவாப்பிலிருந்து (சால்வென்டை ஆவியாக்கி எடுக்கும் கருவி) கழற்றியதும் கரைக்க உட்காராமல், கொஞ்ச நேரம் ஹை வேக்யூமில் போடுங்கள். முதல் வருடத்தில் எனக்கு 4.12, 2.05, 1.26 பிபிஎம்மில் (ஸ்பெக்ட்ரத்தில் பீக்கின் இடத்தைச் சொல்லும் அளவு) அழகாக மூன்று பீக் வந்தது, புது எஸ்டர் கிடைத்துவிட்டது என்று சீனியரைக் கூட்டிவந்து காட்டினேன், அவர் "காலம் குரோமட்டோகிராஃபியை எந்த சால்வென்டில் ஓட்டினே?" என்று மட்டும் கேட்டார். எத்தில் அசிடேட். உலராமல் மிஞ்சிய அதன் பீக்தான் அந்த மூன்றும். அதுவும் எஸ்டர்தான், என்ன செய்ய!

புரோட்டான் ஸ்பெக்ட்ரத்துக்கு 5 முதல் 10 மிகி போதும், கார்பன் ஸ்பெக்ட்ரத்துக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். சின்ன வயலில் 0.6 மிலி டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் (சாதா ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ளது) கரைத்து, கரையாத தூளை வடிகட்டிவிட்டு ட்யூபில் விடுங்கள். 5 மிமீ ட்யூபில் 4 செமீக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதைவிடக் குறைந்தால் ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) சரியாக அமையாது, தூள் மிதந்தாலும் அதே கதை, பீக் எல்லாம் அகலமாகிவிடும்.

போனையும் பர்ஸையும் வெளியே வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறைக்குள் போகவே கூடாது. கரண்ட் போனாலும் காந்தம் அணையாது, அது திரவ ஹீலியத்தில் இருக்கும் சூப்பர் கண்டக்டர். ட்யூபைத் துடைத்து ஸ்பின்னரில் (ட்யூபைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு) செருகி, டெப்த் கேஜில் அளவு பார்த்து, காந்தத்தின் மேலே வைப்பதற்கு முன் ட்யூபைத் தாங்கும் காற்று வரும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். காற்று இல்லாமல் கையை விட்டால் ட்யூப் நேராக உள்ளே விழும், உடைந்தால் உள்ளே சிக்னலைப் பிடிக்கும் புரோபுக்கே ஆபத்து.

கம்ப்யூட்டரில் சால்வென்ட் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் லாக் (சால்வென்டின் டியூட்டீரிய சிக்னலைப் பிடித்துக் காந்தப்புலத்தை நிலையாக வைப்பது) கிடைக்காது, கிடைத்தாலும் பீக் இடம் மாறி நிற்கும். 16 ஸ்கேன் புரோட்டானுக்குப் பொதுவாகப் போதும். 7.26-இல் தெரிவது டியூட்டரேட் ஆகாத மிச்சக் குளோரோஃபார்ம், அதை வைத்து அளவுகோலைச் சரிசெய்யுங்கள். ஃபைலுக்கு "ஃபைனல்2" என்று பெயர் வைக்காமல் நோட்டின் பக்க எண்ணை வையுங்கள். அப்புறம் பிடிஎஃப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணுங்கள், மூல எஃப்ஐடி (மெஷின் பதிவு செய்த கச்சா சிக்னல்) இருந்தால்தான் பிறகு திரும்ப பிராசஸ் செய்ய முடியும்.

ட்யூபை அன்றைக்கே அசிட்டோனில் அலசிக் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுத்த சாம்பிளை ஊற்றினால் 2.17-இல் ஒருத்தர் எட்டிப் பார்ப்பார்.