கையளவு மொகுஹாங்கா: ஜப்பானிய மரஅச்சுக்கு முதல் பாடம்

மொகுஹாங்காவுக்கு எண்ணெய் மையும் வேண்டாம், அழுத்தும் இயந்திரமும் வேண்டாம். நீர்வண்ணம், அரிசிப் பசை, கை, இவ்வளவுதான். ஓவியர் ஹொகுசாய் வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைபவர், செதுக்குபவர், அச்செடுப்பவர் மூவரும் தனித்தனி ஆட்கள். 1904-இல் யாமமோதோ கனாயே என்ற ஓவியர் 'மீனவர்' படத்தைத் தானே வரைந்து, செதுக்கி, அச்சிட்டார். நாம் அவர் வழி.

முதலில் பலகை. அன்று மலைச் செர்ரி மரம்; இன்று ஜப்பானிலேயே பலர் ஷினா (ஜப்பானிய லிண்டன் மரம்) பிளைவுட்டுக்கு வந்துவிட்டார்கள், லேசரில் செதுக்குகிறவர்களும் உண்டு. வேறு பிளைவுட் என்றால் இழைக்குக் குறுக்கே கத்தியால் கீறிப் பாருங்கள். சிலாம்பு பெயராவிட்டால் சரி.

படத்தை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கவிழ்த்துப் போட்டு, கார்பன் வைத்து ஏற்றுங்கள். நான் முதல் தடவை கவிழ்க்க மறந்து, என் முதலெழுத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் அச்சிட்டேன்.

அடுத்து கெந்தோ, அதாவது தாளை இடம் மாறாமல் பொருத்தும் வெட்டுகள். இதில் சோம்பல் கூடாது. பலகையின் கீழ் வலது மூலையில், இடவலம் மாறிய 'ட' போல ஒரு படி வெட்டுங்கள். அதே கோட்டில், இடப்பக்கம் தள்ளி, ஒரு நேர்ப்படி. ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும். தாள் ஒவ்வொரு தடவையும் இவற்றில் முட்டி உட்காரும். எத்தனை வண்ணமோ அத்தனை பலகை, எல்லாவற்றிலும் கெந்தோ அதே இடத்தில்.

செதுக்கும்போது கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள்; கோட்டின் அடி அகலமாக நிற்கும். மிச்சத்தை வளைவு உளியால் வழித்தெடுங்கள். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால்.

தாள்தான் பலரைக் கவிழ்க்கும். முதல் நாள் இரவே, நீர் தடவிய நாளிதழ்த் தாள்களுக்கு நடுவே வாஷி என்ற ஜப்பானியத் தாள்களை அடுக்கி, பிளாஸ்டிக் கவரால் மூடுங்கள். காலையில் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், நீர் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சி, தயிர் பதத்தில் ஆறவிடுங்கள். பலகையை ஈரத்துணியால் துடைத்து, வண்ணமும் மிளகளவு பசையும் வைத்து, பிரஷால் வட்டமாகக் கலந்து, கடைசியில் இழையோடு இழுத்துவிடுங்கள். எங்கும் குளம் கட்டக் கூடாது. தாளைக் கெந்தோவில் பொருத்தி, மேலே பட்டர் பேப்பர் போட்டுத் தேயுங்கள். இப்படித் தேய்க்க உதவும், மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டான பாரென் இல்லையா? கரண்டியின் முதுகு போதும்.

முதல் இரண்டு மூன்று பிரதிகள் வெளிறித்தான் வரும். மரம் வண்ணத்தைக் குடிக்கிறது. வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால் பசையோ ஈரமோ அழுத்தமோ குறைவு. ஜப்பானியர்கள் இதை கோமாசூரி, 'எள் அச்சு' என்பார்கள். வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. தாள் பிய்ந்தால் பசை அதிகம்.

கை பழகியதும் பொகாஷி: பலகையின் ஒரு பாதியில் வெறும் நீர், பிரஷின் ஒரு முனையில் மட்டும் வண்ணம், இடவலமாகத் தேய்த்தால் நிறம் மெல்லக் கரையும். ஓவியர் யோஷிதா ஹிரோஷி 1926-இல் ஒரே பாய்மரப் படகுப் பலகைகளில் நிறங்களை மாற்றி, காலை, இரவு, மூடுபனி என ஆறு தோற்றங்களை அச்சிட்டார்.

முடிந்ததும் பலகையைக் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.